விழுவதை விடு

பிடித்ததற்காகத்தான் அவளை வெளியே நிறுத்தினார்கள். விட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆய்வகத்துக்கு வெளியே வராண்டாவில் ஒரு வாஷ்பேசின். வலது உள்ளங்கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டியபடி நின்றாள். பர்னரிலிருந்து அப்போதுதான் இறக்கிய பீக்கர் அது. பக்கத்தில் நின்றவளின் முழங்கை பட்டு மேசையிலிருந்து நழுவியது. என்ன ஏது என்று மூளைக்குத் தகவல் போவதற்குள் இவள் கை கீழே போய் அதை ஏந்திக்கொண்டது. ஒரு சொட்டு சிந்தாமல் மேசையில் திரும்பவும் வைத்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் சுட்டது. செங்கல் தேய்த்துக் காய்த்துப்போன கை என்பதால் கொப்புளம் வரவில்லை, சிவந்ததோடு போயிற்று.

லேப் மேடம் வெளியே வந்தார். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இது ரெண்டாவது தடவை."

"உடையாம பிடிச்சிட்டேன் மேடம்."

"அதான் தப்பு. முதல் நாளே என்ன சொன்னேன்?"

"விழுந்தா விடணும். கை மேல, கால் பின்னால."

"வாயில எல்லாம் சரியா வருது. கண்ணாடி உடைஞ்சா பெருக்கித் தள்ளிடலாம். உள்ள சுடுதண்ணிக்குப் பதிலா ஆசிட் இருந்திருந்தா உன்னை எங்க பெருக்கித் தள்றது?"

"தானா போகுது மேடம் கை."

"தானா போற கை எனக்கு வேண்டாம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "திங்கக்கிழமை கடைசித் தேர்வு. அதுல கை நீண்டுச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் அப்பாவைக் கூட்டிட்டு வந்து நின்னாலும் பிரயோஜனமில்லை."

பட்டப்படிப்பு இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முந்தைய ஆயத்த வகுப்பு, 'பிரிட்ஜ் கோர்ஸ்', இது. சோதனைக் குழாயைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், வேதியியல் எடுத்தவர்களை முதலில் இங்கே பழக்கி, லேப் மேடம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படிப்பில் சேர்ப்பார்கள். போடாவிட்டால் இடம் போய்விடும். யாருக்குப் போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த பெண்ணும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். யாராவது தேர்வில் விழுந்தால் அவள் உள்ளே வருவாள். வகுப்பே அவளுக்கு 'வெயிட்டிங்' என்று பேர் வைத்துவிட்டது. பீக்கரைத் தட்டிவிட்ட முழங்கை அவளுடையதுதான்.

"சாரி," என்று அவள் வராண்டாவுக்கு வந்து சொன்னாள். "சத்தியமா வேணும்னு தட்டலை. கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நீ பிடிக்காம இருந்திருக்கலாம்ல?" என்றாள் வெயிட்டிங். அவள் குரலில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவளாலும் மறைக்க முடியவில்லை.

முதல் தடவை இவள் சோதனைக் குழாய் ஒன்றை அந்தரத்தில் பிடித்தபோது வகுப்பே கைதட்டி 'கீப்பர்' என்று பேர் சூட்டியது. இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை.

கட்டட வேலையில் அவளுக்கு வேறு பேர். அங்கே அவள் 'வலைக்கை'. அப்பா தரையில் நின்று செங்கல்லை மேலே எறிவார். முதல் தட்டுச் சாரத்தில் அம்மா. இரண்டாம் தட்டில், விடுமுறை நாள்களில், இவள். அப்பா எறிவதை அம்மா பிடித்து, பிடித்த வேகத்திலேயே மேலே வீசுவாள். இவள் வாங்கிக் கொத்தனார் பக்கத்தில் அடுக்குவாள். கல் கீழே விழுந்தால் கீழே இருப்பது கல்லோ மண்ணோ அல்ல, பெற்றவள். அதனால் அந்தக் கைகளுக்கு நழுவவிடுவது என்ற ஒன்றே தெரியாது. மேஸ்திரி வெளியாள்களிடம் பெருமையடித்துக்கொள்வார்: "இந்தப் புள்ள கையில ஈ பறந்து வந்தாலும் பிடிபட்டுரும்."

அந்த மேஸ்திரியிடம்தான் சின்ன வயதில் ஒருநாள், சிமெண்ட் தண்ணீர் பட்டால் ஏன் இறுகுகிறது என்று கேட்டாள். "இறுகலைன்னா உங்கப்பனுக்கு ஏது சோறு?" என்றார் அவர். அந்தப் பதிலில் திருப்தி வராமல்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, கல்லைப் பிடிக்கலைன்னு நான் உன்னை அடிச்சிருக்கேன். இப்ப பிடிக்கறேன்னு வேற ஒருத்தி அடிக்கறாளா?"

"அடிச்சாக்கூடப் பரவாயில்லைம்மா. கையெழுத்துப் போட மாட்டாங்களாம்."

அம்மாவின் சிரிப்பு சட்டென்று அணைந்தது. கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"போடலைன்னா?"

"சீட்டு போயிரும். அடுத்தவ ரெடியா பக்கத்துலயே நிக்கறா."

மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா, "இது என்ன வகுப்புன்னு சொன்னே? பிரிட்ஜ் கோர்ஸா?" என்றார். "நான் நெஜ பிரிட்ஜே கட்டியிருக்கேன். கான்கிரீட் போடறப்ப ஒருத்தனும் எதையும் கீழ விடுன்னு சொன்னதில்லை."

"நீங்க சும்மா இருங்க." அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். மகளின் சிவந்த உள்ளங்கையை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். "பிடிக்கக் கத்துக் குடுத்தது யாரு? நான்தானே. நானே மறக்கடிக்கறேன்."

இவள் நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அம்மா சோப்பு டப்பாவைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் தேங்காய் மூடி, அப்புறம் அரைக்கல். கண்ணைக் கல்லில் வை, கை தானாக வரும் என்பது அவள் பாடம். இப்போது அதே அம்மா அதே உற்சாகத்தோடு எதிர்ப்பாடம் நடத்தினாள். இவள் குனிந்து தலை வாரும்போது சீப்பு பறந்து வரும். புத்தகத்தை விரித்தால் பக்கவாட்டிலிருந்து கரண்டி வரும். நேராக எறிந்தால் மகள் உஷாராகிவிடுகிறாள் என்று கண்டுபிடித்த பிறகு, அம்மா கோணலாக, முதுகுப் பக்கத்திலிருந்து, பேச்சோடு பேச்சாக எறிய ஆரம்பித்தாள்.

"நாளைக்கு என்ன பாடம்டி?" என்பாள். பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் டம்ளர் வரும்.

முதலில் கை போயிற்று. போன கையில் அகப்பையால் ஓர் அடி விழும். "கை மேல, கால் பின்னால! என்ன முழிக்கறே? உங்க மேடம் இப்படித்தானே சொல்லுவா?"

"அகப்பையால அடிக்க மாட்டாங்க."

"அதான் உனக்கு இன்னும் புத்தி வரலை."

ஒருநாள் அம்மா முட்டையை எறிந்தாள். இவள் கையை உயர்த்தியபடி ஓரடி பின்னால் போனாள். முட்டை தரையில் சிதறியது. அம்மா குதித்தாள். "விட்டுட்டா! விட்டுட்டா பாருங்க!"

அப்பா தரையைப் பார்த்தார். "அது என் முட்டை."

"பொண்ணு படிச்சு வந்து ஒரு கூடை வாங்கித் தருவா."

"அதுக்குள்ள வீட்டுல ஒரு தட்டு நேரா நிக்காது போலிருக்கே," என்றார் அப்பா. நசுங்கிய டம்ளர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் உள்ளேயிருந்து நெம்பிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைக்குள் கை அடங்கிவிட்டது. என்ன விழுந்தாலும், எந்தப் பக்கம் விழுந்தாலும், தோள்கள் மேலே ஏறின, கால் பின்னால் போயிற்று. வாய் பேசவில்லை. ஆய்வகத்தில் சத்தம் கூடாது என்பதும் ஒரு விதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"வலைக்கை இருக்கா? மேல் தட்டு ஆள் வரலை. இன்னைக்குச் சுவர் ஏறலைன்னா நாளைக்குக் கான்கிரீட் வண்டி வந்து சும்மா நிக்கும். அரை நாள் போதும்."

"அவளுக்கு நாளைக்குப் பரீட்சை," என்றாள் அம்மா.

"பரீட்சை நாளைக்குத்தானே? நான் இன்னைக்குத்தானே கூப்பிடறேன்?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரியிடம் மறுத்துப் பேசிப் பழகாத தலை அது. இவள்தான், "வர்றேன்," என்று எழுந்தாள். ஆனால் மனசுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாள் பாடுபட்டு அடக்கிய கை, அரை நாள் கல் பிடித்தால் பழையபடி ஆகிவிடுமே என்பதுதான் அந்தப் பயம். அது தலைகீழாகவும் நடக்கக் கூடும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை.

வெயில் ஏறுவதற்குள் வேலை சூடு பிடித்துவிட்டது. கீழே அப்பா, நடுவில் அம்மா, மேலே இவள், இவளுக்குப் பின்னால் கொத்தனார். கல் நேராக வந்தது. கை நேராகப் போய் வாங்கியது. பழைய தாளம் பத்துப் பதினைந்து கல்லிலேயே திரும்பிவிட்டது. இவளுக்கு நாளைய நினைப்பு வந்து வந்து போயிற்று. ஐயோ, கை பழகிக்கொள்கிறதே, பழகிக்கொள்கிறதே என்று ஒவ்வொரு கல்லுக்கும் மனசு அடித்துக்கொண்டது.

"ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" அம்மா கீழேயிருந்து கத்தினாள். கல்லை வீசிக்கொண்டேதான் பேசினாள். பேசாமல் அவளால் வேலை செய்ய முடியாது. "மேடம் நெனப்பா?"

"ஆமாம்மா."

"கொத்தனாரே, எங்க வீட்டுல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, கேட்டுக்குங்க. எதைப் போட்டாலும் பிடிக்க மாட்டாங்க!"

"கல்லை மட்டும் பிடிக்கச் சொல்லுக்கா," என்றார் கொத்தனார்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கொத்தனார் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே, அடுத்த கல்லை வீசினாள். அது கோணலாக வந்தது. பக்கவாட்டில், பேச்சோடு பேச்சாக, வீட்டில் கரண்டி வருமே அப்படி வந்தது.

இவள் கைகள் மேலே ஏறின. கால் பின்னால் போயிற்று.

கல் சாரத்துப் பலகையின் விளிம்பில் இடித்துத் திரும்பியது. அம்மா அதற்குள் அடுத்த கல்லுக்காக அப்பாவைப் பார்த்துக் குனிந்திருந்தாள். வீசிய கல் மகள் கைக்குப் போனதா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. இந்தக் கையிடம் அப்படிப் பார்க்கத் தேவை வந்ததில்லை.

கட்டடத்தில் யார் கையிலிருந்து எது நழுவினாலும் உடனே 'கல்லு!' என்று கத்த வேண்டும். கத்தினால் கீழே இருப்பவர்கள் மேலே பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். கத்துகிறவரும் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட வேண்டும், கூடவே போய் விழுந்துவிடக் கூடாது. இது யாரும் எழுதி வைத்ததல்ல. தாய்ப்பாலோடு வந்தது. அவள் கையைத் தூக்கினாள், பின்னால் சாய்ந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

கல் அம்மாவின் தோளில் இறங்கியது. காய்ந்த குச்சியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அம்மா பலகையில் முழங்கால் போட்டு விழுந்தாள். அவளுக்கு வந்த அடுத்த கல் பிடிக்க ஆளில்லாமல் போய்த் தரையில் உடைந்தது. அப்பா, "ஏய்!" என்று கத்தினார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. ஏணியில் ஏறாமல், சாரக் கம்பத்தைப் பிடித்துத் தொற்றியே மேலே வந்துவிட்டார்.

அவள் தூக்கிய கை தூக்கியபடியே நின்றாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாகக்கூட இல்லை அவர். களைத்துப் போயிருந்தார்.

"காறை எலும்பு. ரெண்டு மாசமாவது ஆகும்னு சொல்றாங்க. தலையில விழலை, அதுவரைக்கும் நல்லது." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீ பிடிச்சிருக்கலாம்மா அதை. உனக்கு அது ஒரு கல்லே இல்லை."

"தெரியும்."

"எட்டிப் பிடிக்க முடியாத கல்லுன்னா வேற. நீ கையைத் தூக்கிக் குடுத்துட்டே. கொத்தனார் பாத்துட்டு சொல்றான்." எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "இனிமே வரிசையில நிக்க வராதே. உன் கையை நம்பி நான் யாரையும் கீழ நிறுத்த முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். அந்தக் கையை நாளைக்கு லேப் மேடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க ஓடவில்லை.

அம்மாவைக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இடது கை மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மகளைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன்டி கத்தலை?"

அவள் நழுவிய போர்வையை அம்மாவின் கால் வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"பிடிக்காததை விடு. அது நான் கெடுத்தது. வாய் எங்க போச்சு?"

"தெரியலைம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் சட்டையெல்லாம் செம்மண்ணாக இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது அம்மா, கண்ணைத் திறக்காமலேயே, "காலைல நேரத்தோட கிளம்பு," என்றாள்.

"உன்னை இப்படி விட்டுட்டா?"

"நீ இங்க உக்காந்தா எலும்பு ஒட்டிருமா? எனக்கும் வேலையில்லை, உனக்கும் அங்க வேலையில்லைன்னு ஆயிருச்சு. இதுவும் போச்சுன்னா இந்த அடி எதுக்குடி வாங்கினேன் நான்?"

மறுநாள் காலை பேருந்தில் கூட்டம் நெரிந்தது. முன் இருக்கையில் ஒருத்தியின் மடியில் இருந்த குழந்தை பால் புட்டியைக் கீழே விட்டது. அது தரையைத் தொடவில்லை. அவள் கையில் இருந்தது.

"ரொம்ப நன்றிங்க. என்ன வேகம் உங்களுக்கு!" என்றாள் குழந்தையின் தாய்.

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கை திரும்பி வந்துவிட்டது. ராத்திரி முழுக்க அந்தக் கல் விழுந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு தடவையும் அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா அத்தனை நாள் பாடுபட்டு அடக்கிய கையை, விழுந்த ஒரே கல் பழையபடி அவிழ்த்துவிட்டிருந்தது. புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்தில் அடக்கிக்கொண்டு நின்றாள். பேருந்து குலுக்கிய இடத்திலெல்லாம் யார் மேலோ போய் இடித்தாள், திட்டும் வாங்கினாள். கம்பியைப் பிடிக்கக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை.

கடைசித் தேர்வு என்பது பார்க்கச் சாதாரணம். மேசைக்கு இரண்டு பேர். மேலே குழாயில் ஒரு திரவம், கீழே கூம்புக் குடுவையில் இன்னொன்று. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் முந்தின வருடத்துப் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: அது வெறும் சாக்கு. மேடம் பழைய விரிசல் விட்ட பீக்கர்களில் வெறும் தண்ணீரை ஊற்றி மேசைக்கு ஒன்றாக ஓரத்தில் வைத்திருப்பார். எப்போது என்று சொல்ல முடியாது, போகிற போக்கில் பேனாவால் அதைத் தட்டிவிடுவார். தேர்வு அங்கேதான்.

அவளுடைய மேசையில் கூட நின்றது வெயிட்டிங். யார் அப்படி எழுதி வைத்தார்களோ.

"அம்மாவுக்கு அடிபட்டுருச்சாமே," என்று அவள் கிசுகிசுத்தாள். "எப்படி?"

"கல்லு விழுந்துச்சு."

"நீ இன்னைக்கு வரமாட்டேன்னு நெனச்சேன்." சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குப் புரிந்தது. காது சிவந்தது. "அப்படி இல்லை... நான் அப்படிச் சொல்லலை."

"பரவாயில்லை. குழாயைத் திற."

சொட்டுகள் விழத் தொடங்கின. மேடம் ரப்பர் செருப்பு போட்டிருந்தார், நடந்தால் சத்தமே வராது. முதல் வரிசையில் ஒரு பீக்கர் உடைந்தது. அவள் தோள் துள்ளியது. யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒன்று. மேடம் எந்த ஒழுங்கிலும் போகவில்லை. நினைத்த இடத்துக்குப் போனார்.

அவள் விரல்கள் குழாயின் திருகில் இருந்தன. கண் குடுவையில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. மேசை ஓரத்துப் பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு விரிசல், தலைமுடி அளவுக்கு. அது விழப்போகிற இடமெல்லாம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. விழுந்தால் எங்கே போய் ஏந்த வேண்டும் என்பது வரைக்கும் அந்தப் பாழாய்ப்போன கை கணக்குப் போட்டு வைத்திருந்தது. கை மேல, கால் பின்னால. கை மேல, கால் பின்னால. அம்மாவின் குரலில்தான் அது வந்தது. வந்த உடனே பின்னாலேயே அந்தக் குச்சி முறிகிற சத்தமும் வந்தது.

"பிங்க்!" என்றாள் வெயிட்டிங். "நிறுத்து, நிறுத்து!"

அவள் கண் குடுவைக்குத் திரும்பியது. திருகை இறுக்கினாள். நிறம் நிலைத்தது. ஒரு கணம் அவளுக்கு எல்லாம் மறந்து போயிற்று. அவ்வளவு தெளிவான நிறம்.

பீக்கர் அப்போதுதான் போனது.

ஓரக்கண்ணில் மினுக்கியது. வலது கை திருகிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. பாதி தூரம் போயும்விட்டது. அவளால் அதை நிறுத்த முடியவில்லை, அது அவள் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கல்லு!"

சாரத்தின் இரண்டாம் தட்டிலிருந்து தரைக்குக் கேட்க வேண்டிய குரல். நாலு சுவருக்குள் அது இடி மாதிரி விழுந்தது. குரல் வந்த வேகத்தில் கைகள் இரண்டும் தாமாக மேலே போயின, உடம்பு பின்னால் சாய்ந்தது, முதுகு சுவரில் போய் ஒட்டியது. கத்தினால் உடம்பு அதைத்தான் செய்யும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

பீக்கர் தரையில் சிதறியது. வெயிட்டிங் அலறிக்கொண்டு அடுத்த மேசை வரைக்கும் பாய்ந்திருந்தாள். அவள் நின்ற இடத்தில் கண்ணாடித் துண்டுகள் தண்ணீரோடு கிடந்தன. ஆய்வகமே கையிலிருந்ததை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

போயிற்று, என்று நினைத்தாள். பாதி தூரம் போன கையை மேடம் பார்த்திருப்பார். பார்க்காவிட்டாலும், கத்தியாகிவிட்டது.

மேடம் பேனாவை மூடினார். "என்ன கத்தினே?"

"கல்லுன்னு மேடம்."

"இது பீக்கர்."

"தெரியும் மேடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு அவர் அவள் தலைக்கு மேலே நின்ற கைகளைப் பார்த்தார். இன்னும் இறக்கப்படாத கைகள். சுவரோடு ஒட்டிய குதிகால்களைப் பார்த்தார். கடைசியில் மேசைக்கு வந்து குடுவையின் நிறத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்கு ஒரு யுகம்.

"கை முதல்ல கீழ கிளம்புச்சு," என்றார்.

"ஆமா மேடம்."

"அப்புறம் ஏறுச்சு."

"ஆமா மேடம்."

மேடம் அவள் தாளை இழுத்தார். கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா கத்து. பெருக்கிட்டுப் போ."

அவள் கையை இறக்கினாள். துடைப்பத்தைக் கொண்டு வந்தது வெயிட்டிங்தான். இருவரும் குனிந்து துண்டுகளைக் கூட்டினார்கள். முறத்தைப் பிடித்திருந்த வெயிட்டிங்கின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"நல்லா கத்தினே," என்றாள். "நான் செத்தேன்னு நெனச்சேன்."

"நீ இனி என்ன செய்வே?"

"நான் என்ன... அடுத்த வருஷம் எழுதுவேன்." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "வேற யாரும் விழலை."

அவள் முறத்துக்குக் கை நீட்டினாள். துண்டுகளை வாங்கிக் குப்பைப் பெட்டியில் கொட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேற்றைய சட்டைதான். அம்மாவுக்கு அவர் ஆற்றுவது பிடிக்கவில்லை. வாயாலேயே விரட்டிக்கொண்டிருந்தாள்: "சிந்தாதீங்க. கல்லை எறியற மாதிரியே டீயையும் எறியறீங்க." மகளைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"போட்டாங்களா?"

"போட்டாங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அதை வைப்பதற்கு இடம் தேடி, கிடைக்காமல், தரையிலேயே வைத்தார்.

அம்மா அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. "கை?"

"மேல."

"கால்?"

"பின்னால."

"அவ்வளவுதானா?"

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கத்துனேன்மா."

"என்னன்னு?"

"கல்லுன்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோள் வலிக்கும். வலியில் முகம் கோணியது, கண்ணில் நீர் கோத்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் லேட்டுடி," என்றாள்.